பத்தொன்பதாவது பெண் பஸ் ஏறிப் போனாள்

ஆவுடையாநல்லூர்க் கோயில் மண்டபத்துச் சுவரில் நாற்பத்தெட்டுப் பெண்கள் நானூறு வருஷமாக ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறார்கள், இன்னும் எங்கேயும் போய்ச் சேர்ந்தபாடில்லை. ஒருத்தி தட்டோடும் ஒருத்தி குடையோடும் ஒருத்தி வெறுங்கையோடும் போக, பத்தொன்பதாவதாகப் போகிறவள் தோளில் ஒரு சாமரத்தைச் சாய்த்துக்கொண்டு, மற்ற எல்லாரையும் போல ஒரு கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு, அந்த ஒரு பக்கத்துக் கண்ணை மட்டும் மீனைப் போல நீளமாகத் திறந்து வைத்துக்கொண்டு போகிறாள். மண்டபத்தில் கரண்ட் உண்டு, ஆனால் விளக்குப் போட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று தொல்லியல் துறையில் சொல்லிவிட்டார்கள். ஆகவே வாசலில் வெயிலில் நின்று, உடைந்த பீரோக் கண்ணாடியில் ஒரு துண்டால் சூரியனைப் பிடித்து உள்ளே எறிந்து, வந்தவர்களுக்கு ஒவ்வொரு பெண்ணாகக் காட்டி, விளக்கமும் சொல்வது தையல்நாயகியின் வேலை. மண்டபத்துச் சாவியும் அவளிடம்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலை. எங்கெங்கிருந்தோ வந்தார்கள், சென்னையிலிருந்து வந்தார்கள், கல்கத்தாவிலிருந்து வந்தார்கள், கடல் தாண்டி வந்தார்கள், வாயைப் பிளந்து பார்த்தார்கள், போகும்போது ஒவ்வொருத்தரும் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்: "தாராசுரம் பாத்திருக்கீங்களாம்மா? சித்தன்னவாசல் பாத்திருக்கீங்களா? மாமல்லபுரம்?" அவள் ஒன்றையும் பார்த்ததில்லை. தஞ்சாவூருக்கு மட்டும் இரண்டு தடவை போயிருக்கிறாள், இரண்டு தடவையும் பல் பிடுங்க. வீங்கின கன்னத்தோடு பஸ் ஜன்னல் வழியாகப் பெரிய கோயில் கோபுரத்தின் நுனியைப் பார்த்தாள், அதையும் ஒரு வாழைத்தார் லாரி வந்து மறைத்துவிட்டது.

புருஷன் அமிர்தகடேசன் பம்புசெட் மெக்கானிக். மோட்டார் ரிப்பேரில் கெட்டிக்காரன், மற்றதிலெல்லாம் கொஞ்சம் மந்தம். மத்தியானம் சோற்றுக் கேரியரைக் கொண்டுவந்து மண்டபத்து வாசல்படியில் வைப்பான், அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவான், ஒருநாள்கூட உள்ளே தலையை நீட்டியதில்லை. அவள் எப்போதாவது, "ஏங்க, ஒரு நாலு எடம் போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "நாளெல்லாம் செவுத்தைப் பாக்கறவளுக்கு இன்னொரு செவுத்தைப் பாக்க ஆசையாம். நம்ம வூட்டுல நாலு செவுரு சும்மாத்தானே நிக்குது, அதைப் பாரேன்" என்பான். அவளுக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய, மறுநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள்.

இப்படி இருக்கையில், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜெயசிங் என்கிற டூர் மேனேஜர் தன் கலைச் சுற்றுலா பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினான். மாதத்தில் இரண்டு மூன்று தடவை வருகிறவன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். பஸ்ஸில் இருபத்தைந்து சீட், இருபத்து நாலு பேர். இருபத்தைந்தாவது ஆள் கும்பகோணத்தில் லாட்ஜ் பாத்ரூமில் வழுக்கிக் கால் சுளுக்கி மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஆறு நாளுக்கா. சீட்டு சும்மாதான் கெடக்கு. நீங்க வர்றீங்களா?" என்று கேட்டான்.

"கால் மணி நேரம் இருங்க தம்பி, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லி, கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நாற்பத்தேழு வயதில் அப்படியொரு ஓட்டம். வீட்டுக்குப் போனாள், இரண்டு புடவையை எடுத்தாள், துண்டு சீப்பு திருநீற்றுப் பை எடுத்தாள், எதிர்வீட்டுக்காரியிடம் "அவரு வந்தா டூரு போயிட்டேன்னு சொல்லிடு" என்று கத்தினாள், திரும்ப ஓடி வந்தாள். எல்லாவற்றையும் எடுத்தவள் ஒன்றை மட்டும் மறந்திருந்தாள்: இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மண்டபத்துக் கதவைப் பூட்டாமல் போயிருந்தாள்.

திரும்பி வந்தபோது பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜெயசிங் தலை எண்ணிக்கொண்டிருந்தான்.

"இருபத்தஞ்சு. சரியா இருக்கேக்கா," என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

அவள் ஏறிப் பார்த்தாள். காலியாக இருந்த சீட்டில் பத்தொன்பதாவது பெண் உட்கார்ந்திருந்தாள். சாமரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நட்டுவைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, கிளம்ப வேண்டியதுதானே என்கிற மாதிரி இருந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு கன்னம்தான், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே கன்னம்தான்.

"எந்திரிடி," என்றாள் தையல்நாயகி. "எந்திரிங்கறேன். அது என் சீட்டு."

பத்தொன்பதாவது பெண் அசையவில்லை. பக்கத்து சீட்டில் சேலத்து டீச்சரம்மா ஒருவர், மடியில் முறுக்கு டப்பாவோடு இருந்தவர், சமாதானம் செய்துவைக்க வந்தார். "பாவம்மா, நானூறு வருஷமா நின்ன காலோட நின்னிருக்கு. கொஞ்சம் உக்காரட்டுமே. ஒரு பக்கம்தான் இருக்கறதால எடமும் அடைக்கல பாருங்க, என் பையை வச்சாலும் மிச்சம் இருக்கு." பஸ்ஸில் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் பின்னாலிருந்து, "அதுக்கு வாந்தி வருமான்னு கேட்டுக்குங்க, ஜன்னலோரம் குடுத்திருக்கு" என்றார். அதற்குள் மண்டபத்துக் கதவு காற்றில் டமார் டமாரென்று அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் இறங்கினாள், பஸ் போயிற்று. பையோடு ரோட்டில் நின்றுகொண்டு, "நீ நாசமாப் போக, இருபத்திரண்டு வருஷம் உனக்கு நூலாம்படை அடிச்சேனேடி!" என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் பதினெட்டாவதுக்கும் இருபதாவதுக்கும் நடுவில், சாமரத்தோடு ஒரு பெண் எந்த அளவோ அந்த அளவுக்கு, வெள்ளைச் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தது. கோயில் கமிட்டித் தலைவர் உத்திராபதி ஊரைக் கூட்டினார். ஆவுடையாநல்லூர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: சுவரில் இருக்கிற படம் எப்படி இறங்கிப் போகும் என்று ஒரே ஒருத்தர் கேட்கவில்லை. கதவைப் பூட்டாமல் போனது யார் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். "பூட்டியிருந்தா போயிருக்க மாட்டால்ல?" என்றார்கள். கால் என்று இருந்தால் நடக்கத்தானே செய்யும், கதவு என்று இருந்தால் பூட்டத்தானே வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் நியாயம்.

"ஏம்மா தையலு, சனிக்கிழமை துறையிலேருந்து அதிகாரி வர்றாரு. வந்ததும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவாரு. நாப்பத்தெட்டு இருக்கணும், இல்லேன்னா உன் வேலை போச்சு, என் தலைவர் பதவியும் போச்சு," என்றார் உத்திராபதி.

அப்போதுதான் பால் சொசைட்டி வேதவல்லி, விடிகாலை நாலு மணியிலிருந்து நின்று இடுப்பு விட்டுப்போனவள், "ஸ்... அப்பாடா" என்று அந்த வெள்ளையில் சாய்ந்தாள். மாவில் அச்சு பதிகிற மாதிரி சுவர் அவளை வாங்கிக்கொண்டது. ஒரு கன்னம், ஒரு நீளக் கண், கையில் பால் அளக்கிற லிட்டர். கொஞ்சம் குண்டு, மற்றபடி குறை சொல்ல முடியாது. சாயங்காலம் கதவு சாத்துகிற நேரத்துக்குத் தானாகக் கழன்று வெளியே வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று ஊரே கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல," என்றாள்.

வழி கிடைத்துவிட்டது. சாமிக்குத் திருவிழாவில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு நாள் மண்டகப்படி இருப்பதுபோல, சுவருக்கும் மண்டகப்படி வைத்துக்கொள்வது, தெருவுக்கு ஒரு நாள், நாளுக்கு ஓர் ஆள் நிற்பது என்று முடிவாயிற்று. முடிவானதும் சண்டை வந்தது. முதல் நாள் எங்களுக்கு என்றது மேலத்தெரு, போன திருவிழாவிலும் நீங்கள்தானே முதல் என்றது கீழத்தெரு, மாலை யார் போடுவது, மேளம் உண்டா என்றது வாய்க்கால் தெரு. காலனியிலிருந்து பூங்காவனம் எழுந்து, "சாமி மண்டகப்படியில எங்களுக்கு நாளே கெடையாது. செவுத்து மண்டகப்படியிலயாவது உண்டா, இல்ல இதுக்கும் நாங்க தள்ளி நிக்கணுமா?" என்று கேட்டாள். கூட்டம் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது. பிறகு சனிக்கிழமை காலனிக்கு என்று எழுதினார்கள், அதிகாரி வருகிற நாள், மாட்டிக்கொண்டால் அவர்கள் மாட்டிக்கொள்ளட்டும் என்கிற நல்ல எண்ணத்தில்.

புதன்கிழமை உத்திராபதியே நின்றார், முதல் மரியாதை தலைவருக்குத்தானே. சுவர் அவரை வாங்கிக்கொண்டது, மீசையை மட்டும் வாங்கவில்லை, அது சுவருக்கு வெளியே நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள், சிலந்தி கூடு கட்டியிருக்கிறது, தட்டக் கூடாதா என்று சைகையில் கேட்டாள். தையல்நாயகி துடைப்பத்தை எடுத்துத் தட்டினாள். கொஞ்சம் ஓங்கியே தட்டினாள் என்று ஊரில் சொல்கிறார்கள்.

வியாழக்கிழமை மேலத்தெரு முறை. முறைக்காரி கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று படுத்துவிட, வேதவல்லி அவசரத்தில் நைட்டியோடு வந்து நின்றுவிட்டாள். கூடவே அவளுக்குப் பல்வலி. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்து அவளையே பார்த்தார். "என்ன சோகம்! அந்தக் காலத்துப் பெண்களின் மொத்தத் துயரமும் இந்தத் தாடையில் இருக்கிறது" என்றார். பூப்போட்ட அந்த உடை என்னவென்று கேட்டார். தையல்நாயகி கண்ணை இமைக்காமல், "அது கப்பல்ல வந்த துணிங்க. அப்பல்லாம் ராணிங்கதான் உடுத்துவாங்க" என்றாள். அவர் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை அதிகாரி வந்து விரல் விட்டு எண்ணினார். நாற்பத்தெட்டு. பூங்காவனத்தின் முன்னால் மட்டும் நின்று, "மொத்தச் சுவத்துலயும் இது ஒண்ணுதான்யா சேதாரமில்லாம நிக்குது, என்ன நிமிர்வு!" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார். காலனியில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள்.

ஆபத்து கழிந்ததே, மண்டகப்படி நின்றிருக்க வேண்டியதுதானே? நிற்கவில்லை. விஷயம் ஊர்ப் பெண்களுக்குள் பரவிவிட்டது. சுவருக்குள் போனால் காபி கேட்பவர் கிடையாது, என் சட்டை எங்கே என்பவர் கிடையாது, பிள்ளைக்கு ஏன் மார்க் குறைந்தது என்பவர் கிடையாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றால் போதும், வருகிறவர்களெல்லாம் அழகு அழகு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கார்த்திகை வரைக்கும் பெயர் எழுதி வைத்துவிட்டார்கள். ஒரு மாமியார் மருமகளுக்குப் போட்டியாகப் பெயர் கொடுத்தாள். பெண்டாட்டி சுவரில் இருக்கிற நாளில் ஆண்கள் மண்டபத்து வாசலில் வந்து நின்று, "ரசப்பொடி எந்த டப்பால இருக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்கள். சுவர் இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

தையல்நாயகி மட்டும் பெயர் கொடுக்கவில்லை. அவளுக்கு நிற்க ஆசையில்லை, போக ஆசை. சாயங்காலமானால் ஜெயசிங் அவள் போனுக்குப் படம் அனுப்புவான். தாராசுரத்தில் கல்லுக்குதிரை பக்கத்தில் பத்தொன்பதாவது பெண். தஞ்சாவூரில் செப்புச் சிலைகளுக்கு நடுவில் பத்தொன்பதாவது பெண். சித்தன்னவாசலில் தலையைப் பின்னால் சாய்த்து, கூரையில் வரைந்த தாமரைக்குளத்தைப் பார்த்துக்கொண்டு பத்தொன்பதாவது பெண், பக்கத்தில் முறுக்கு டப்பாவோடு டீச்சரம்மா. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆற்றாமை பொங்கும். "பாருங்க இவளை, என் சீட்டுல போயிட்டு என் மூஞ்சியிலயே பல்லைக் காட்டறா" என்று புருஷனிடம் நீட்டுவாள். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "வாய் மூடித்தானே இருக்கு, பல்லு எங்க தெரியுது?" என்பான். இப்படி ஒரு மனுஷன்.

ஆறாம் நாள் பஸ் வரவில்லை, போன்தான் வந்தது. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இன்னும் ஒரு மூணு நாளு ஆவும். அவங்க ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு மணி நேரம் நிக்கறாங்க. அவங்க பாக்கறதைப் பாத்து எல்லாரும் பாக்க ஆரம்பிச்சிட்டாங்கக்கா. முன்னெல்லாம் எறங்கினதும் பாத்ரூம் எங்க, காபி எங்கன்னுதான் கேப்பாங்க. இப்ப ஒருத்தரும் வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. எனக்கே பயமா இருக்கு."

"எறக்கி விடுங்க அவளை!" என்றாள். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

மூன்று நாள் கழித்து, பழைய ஆட்களைக் கும்பகோணம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு, புதிதாக இருபத்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஆவுடையாநல்லூரில் வந்து நின்றது. பத்தொன்பதாவது பெண் இறங்கினாள். வெயிலில் சாயம் கொஞ்சம் வெளுத்திருந்தது, சாமரத்தில் பாதி மயிர் கொட்டியிருந்தது, நெற்றியில் யாரோ ஸ்டிக்கர் பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள், அன்றைய முறைக்காரி, "இப்ப என்ன அவசரம் இவளுக்கு, இன்னும் நாலு எடம் பாத்துட்டு வரக்கூடாதா?" என்று முனகிக்கொண்டே சுவரிலிருந்து கழன்று வந்தாள்.

தையல்நாயகி இடுப்பில் கை வைத்து வழியை மறித்தாள். "வாடி மகராசி. நல்லாப் பாத்தியா? வயிறு நெறைஞ்சுதா?"

பத்தொன்பதாவது பெண் வாயைத் திறந்தாள். நானூறு வருஷமாகப் பேசாத குரல், கிணற்று ராட்டினம் போலக் கிறீச்சிட்டது. "கோவிச்சுக்காதே தையலு. எம்முன்னாடி இருக்கற செவுத்துல என்ன இருக்குன்னு ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருக்கியா?"

தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள். எதிரில் வெள்ளையடித்த சுவர். அதில் ஒரு சுவிட்ச் பெட்டி.

"அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறேன். சுவிட்சு வர்றதுக்கு முன்னாடி அதுவும் கெடையாது," என்றாள் பத்தொன்பதாவது பெண். "வர்றவங்கல்லாம் என்னைப் பாத்துட்டு, அங்க அப்படியிருக்கு, இங்க இப்படியிருக்குன்னு பேசிட்டுப் போவாங்க. காதுலயே கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் புடிச்சிடும் போல இருந்துச்சு. கதவு தெறந்து கெடந்துச்சு, போயிட்டேன்."

தையல்நாயகிக்குத் திட்டத்தான் ஆசை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகத் தன் காதிலும் அதேதானே விழுந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தாள், அழுகையாக வந்தது.

பத்தொன்பதாவது பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதே. உக்காரு, பாத்ததையெல்லாம் ஒண்ணு விடாம சொல்றேன். மாமல்லபுரத்துல ஒரு பாறை இருக்குடி, அதுல..."

"சொல்லாதே!" என்று கத்தினாள் தையல்நாயகி. மண்டபமே அதிர்ந்தது, புது டூர்க்காரர்கள் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். "ஒரு வார்த்தை சொல்லாதே. எல்லாரும் சொல்லிச் சொல்லித்தான் நான் இப்படி நிக்கறேன். நான் போய்ப் பாக்கணும். என் கண்ணால பாக்கணும்."

"அப்ப போயேன். சீட்டு காலியாத்தானே இருக்கு. எனக்குக் கால் கடுக்குது, வழியை விடு," என்று சொல்லிவிட்டு அவள் பதினெட்டாவதுக்கும் இருபதாவதுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். கொட்டிப்போன சாமரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

தையல்நாயகி இந்தத் தடவை வீட்டுக்கு ஓடவில்லை. கட்டின புடவையோடு பஸ்ஸில் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேரியரோடு வந்த அமிர்தகடேசன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடிவந்தான்.

"ஏ தையலு, எங்க போறே? சோறு?"

"அரிசி இருக்கு, அடுப்பு இருக்கு, உங்களுக்குக் கையும் இருக்கு," என்று சொல்லி இடுப்புச் சாவியை அவிழ்த்து அவன் கையில் போட்டாள். "கண்ணாடி வாசப்படிக்கிட்ட இருக்கு. வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமா நின்னு புடிங்க. மறக்காமப் பூட்டுங்க."

"நான் பம்புசெட் மெக்கானிக்குடி!"

"இது அதைவிட லேசு," என்றாள். பஸ் கிளம்பியது.

தாராசுரம் பார்த்தாள். பல்வலி இல்லாமல் தஞ்சாவூர் பார்த்தாள். சித்தன்னவாசலில் கழுத்து பிடித்துக்கொள்கிற வரைக்கும் கூரையைப் பார்த்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் மாமல்லபுரத்தில், மலை போல நிற்கிற ஒரே பாறையில் யானைகளும் தேவர்களும் பாம்புகளும் துறவிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடத்துக்கு எதிரில், ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஜெயசிங் ஆரம்பித்தான்: "அக்கா, இது வந்து பல்லவர் காலத்துல..." அவள் பார்த்த பார்வையில் அவனும் உட்கார்ந்துவிட்டான். கூட வந்தவர்கள் கடலுக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள், இளநீர் குடித்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் சாயத் தொடங்கி யானைகளின் வயிற்றில் நிழல் ஏறுகிற நேரத்தில் போன் அடித்தது. அமிர்தகடேசன்.

"தையலு, நாலு நாளா உன் கண்ணாடியை நான்தான்டி புடிக்கறேன்."

"ம்."

"புடிச்சா, வெளிச்சம் போற எடத்துக்குக் கண்ணும் போவுதுடி, நான் என்ன பண்ண. முப்பத்தி நாலாவது ஆளு ஒத்தக் காலைத் தூக்கிட்டு, முன்னாடி போறவ தோளைப் புடிச்சிக்கிட்டு, முள்ளு எடுக்கறா. பாத்திருக்கியா? அவ மூஞ்சியில அந்த வலி அப்படியே இருக்குடி!"

"ம்."

"எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. நம்மூருல, பத்தடி தூரத்துல, இப்படி ஒண்ணு... ஏண்டி, இத்தினி வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ?"

"ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சொல்லிக்கிட்டுத்தாங்க இருந்தேன். நீங்கதான் உள்ள வரல."

அவன், அவளிடம் எப்போதும் பேசாத ஒரு சின்னக் குரலில் கேட்டான்: "அங்க எப்படிடி இருக்கு? என்ன இருக்கு? சொல்லேன், கேக்கறேன்."

இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது. இத்தனை அடி நீளம், இன்ன காலம், இடமிருந்து வலமாகப் பாருங்கள் என்று நாக்கு தயாராக இருந்தது. எதிரில் ஒரு பெரிய யானை, தன் காலடியில் படுத்திருக்கிற குட்டிகளை மிதித்துவிடாமல் நின்றுகொண்டிருந்தது.

"அப்புறம் பேசறேங்க," என்றாள் தையல்நாயகி. "இப்பப் பாத்துக்கிட்டிருக்கேன்."

போனை வைத்தாள்.